இருபத்து நான்கு ரெசிஸ்டர்

என் அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. இருந்தும் எழுதுகிறேன். அவளைப் பற்றி நான் வாய்கூசாமல் சொன்ன ஒரு பொய் நாலு மாதம் உயிரோடு இருந்தது. அதற்கு ஈடாக இந்தப் பக்கங்களாவது இருந்துவிட்டுப் போகட்டும். அவள் இதைப் படிக்க உட்காரமாட்டாள். அவளுக்கு வேலை இருக்கிறது.

அக்கா ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் பதினோரு வருடமாக சால்டர் வைக்கிறாள். நீண்ட மேஜை, அதன் இரண்டு பக்கமும் பெண்கள், ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு சூட்டுக்கோல், ஒரு ஈயச் சுருள். போர்டு ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். அதில் தன் பங்குக்கு வரும் பதினாறு கம்பிக் கால்களையும் பற்றவைத்து அடுத்தவளுக்குத் தள்ளிவிட வேண்டும். கோலை வைத்து, ஈயத்தைத் தொட்டு, எடுத்துவிட வேண்டும். அதிகம் வைத்தால் பொருள் வெந்துபோகும், குறைத்து வைத்தால் ஒட்டியது போல நடித்துவிட்டுப் பிறகு காலை வாரும். அப்படி நடிக்கிற ஒட்டுக்கு டிரை சால்டர் என்று பெயர். பார்த்தால் ஒட்டியிருக்கும், தொட்டால் ஆடும். அந்த மேஜையில் ஒருத்தியைப் பார்த்துச் சொல்லக்கூடிய மிகக் கேவலமான சொல் அதுதான். திட்டினால்கூடச் சாயங்காலம் சேர்ந்து நடந்து போவார்கள். டிரை சால்டர் என்று சொல்லிவிட்டால் ஒரு வாரம் முகம் பார்க்கமாட்டார்கள்.

அக்கா வைத்த ஈயம் ஒவ்வொன்றும் குட்டிக் குட்டிக் கோபுரமாக மின்னும். பூதக்கண்ணாடி வைத்துச் சோதிக்கிற அம்மா அக்காவின் தட்டு வந்தால் மட்டும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவாளாம். இதை அக்கா சொல்லி எனக்குத் தெரியாது. அவள் தன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்கிற ஆள் இல்லை. அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் நான் ஒருவன் இருந்தேன்.

நான் எலக்ட்ரானிக் சாமான் கடையில் கவுண்டரில் நிற்பவன். டிப்ளமோவில் முதல் வருடம் மட்டும் படித்தேன். மீதி வருடங்கள் என்னைப் படிக்காமல் போய்விட்டன. ஆனால் அந்த ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்துக்குக் கடையில் எனக்கு 'புரொபசர்' என்று பட்டம் கிடைத்தது. கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டேன். கவுண்டரின் மறுகோடியில் நிற்கிறவருக்கு நான் 'ஆமை' என்று பெயர் வைத்தேன். ஒரு சாமானைக் கேட்டால் இரண்டு தடவை பார்த்து, மூன்று தடவை எண்ணி, காகிதத்தில் மடித்து, மேலே எழுதித் தருவார். அவர் ஒருவருக்குக் கொடுத்து முடிப்பதற்குள் நான் நாலு பேருக்குக் கொடுத்துவிடுவேன், கூடவே ஆளுக்கொரு அறிவுரையும் கொடுப்பேன்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர். அடுக்குமாடி வீடுகளில் மொட்டைமாடித் தொட்டி, தரைக்குக் கீழே இருக்கும் பெரிய தொட்டி எல்லாவற்றையும் வற்றவைத்து, ஏணியில் உள்ளே இறங்கி, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துவிட்டு மேலே வருவார். வெளியே உச்சிவெயில் அடித்தாலும் உள்ளே கும்மிருட்டு. அவரிடம் இருந்தது இரண்டு பேட்டரி போடுகிற பழைய டார்ச். அது காட்டிய மஞ்சள் வெளிச்சத்தில் அவர் கை அவருக்குத் தெரிந்தால் பெரிய விஷயம்.

ஒருநாள் ஒரு குடியிருப்பின் செயலாளர் பெரிய டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு தொட்டி வாய்க்குள் எட்டிப் பார்த்தார். மூலையெல்லாம் சேறு அப்படியே இருந்தது. குடியிருப்பு ஆட்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு மூலையாக வெளிச்சம் அடித்துக் காட்டினார். மாமா ஈரக் கால்சட்டையோடு கைகட்டி நின்றார். கான்ட்ராக்டர் அவரைத் தனியே அழைத்து, இன்னொரு புகார் வந்தால் உள்ளே இறங்குகிற வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். அன்றைக்குத்தான் அக்கா, தானே ஒரு டார்ச் செய்வது என்று முடிவு செய்தாள். கடையில் விற்கும் நல்ல டார்ச்சின் விலையை நான் சொன்னபோது, அதற்கு ஒரு மாதம் வாயைக் கட்ட வேண்டும் என்று சிரித்தாள்.

செலவே இல்லாமல் செய்ய வேண்டும், ஆனால் தொட்டியின் நாலு மூலையும் பட்டப்பகல் மாதிரி தெரிய வேண்டும். இதுதான் அவள் போட்டுக்கொண்ட கணக்கு. எங்கள் கடையில் செத்துப்போன எமர்ஜென்சி விளக்குகளைப் போட்டு வைக்கும் ஒரு பெட்டி உண்டு. முதலாளியைக் கேட்டு அதிலிருந்து அள்ளிக் கொடுத்தேன். அவள் அவற்றிலிருந்து வெள்ளை எல்இடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பேட்டரியில் தொட்டுப் பார்த்து, உயிர் உள்ளவை இருபத்து நான்கைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு விளக்கில் மட்டும் ஆறு வோல்ட் பேட்டரி இன்னும் சாகாமல் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குள் இறங்க முடியாது என்பதால் பழைய சாப்பாட்டுப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி வார் தைத்தாள். டார்ச்சின் உடம்புக்குத் தண்ணீர்க்குழாய்த் துண்டு, முகத்துக்கு ஒரு டப்பாவின் கண்ணாடி போன்ற மூடி. எல்இடிகளை நிறுத்த ஒரு பழைய சிடியை வட்டமாக வெட்டி, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி இருபத்து நான்கு ஜோடி ஓட்டை போட்டாள். அந்த நாற்றம் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை என்று மாமா புலம்பினார். அது அவருக்காகச் செய்யப்படுகிறது என்ற சந்தோஷம்தான் அப்படிப் புலம்பலாக வந்தது.

மிச்சம் இருந்தது ரெசிஸ்டர். எல்இடி என்பது பேராசைக்காரப் பொருள். மின்சாரத்தை எவ்வளவு கொடுத்தாலும் குடித்துவிட்டு வெடித்துப்போகும். அதனால் அதன் முன்னால் ரெசிஸ்டர் என்ற கட்டுப்பாடு ஒன்று வேண்டும். அது எவ்வளவு தடுக்கும் என்பதை ஓம் என்ற அளவில் சொல்வார்கள். கடையில் இருப்பதிலேயே மலிவான பொருள் அதுதான். எண்ணிக் கொடுக்கிற நேரத்துக்குக்கூடக் கட்டாது.

அக்கா கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. கவுண்டரில் நல்ல கூட்டம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், இரண்டு மெக்கானிக்குகள், காலேஜ் பையன்கள். அக்கா ஒரு தாளை விரித்தாள். இருபத்து நான்கு எல்இடி வரைந்து, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு ரெசிஸ்டர் வரைந்திருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்தது போல அவ்வளவு சுத்தம்.

"நூத்தம்பது ஓம், இருபத்தி நாலு குடுடா" என்றாள்.

நூற்றைம்பது ஓம் டிராயர் மேல் வரிசையில் இருந்தது. அதை எடுக்க ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து ஏற வேண்டும். காலையிலிருந்து மூன்று தடவை ஏறி இறங்கியிருந்தேன். கீழே, என் கை பக்கத்திலேயே, வெள்ளைச் செங்கல் மாதிரி தடியான ரெசிஸ்டர்கள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் டொக்கென்று வைத்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒன்று போதும், மெயின் குழாயில் ஒரு வால்வு வைத்தால் வீட்டுக் குழாய்க்கெல்லாம் தனித்தனி வால்வு எதற்கு என்று விளக்கினேன். குரலை உயர்த்தித்தான் விளக்கினேன். கூட்டத்துக்கும் கேட்க வேண்டுமே.

அக்கா குரலைத் தாழ்த்திப் பேசினாள். "இதுங்க ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லடா. நாலு விளக்குல இருந்து எடுத்தது. ஒண்ணு கொஞ்சமா குடிக்குது, ஒண்ணு நிறைய குடிக்குது. தனித்தனியா இருந்தாதானே அடங்கும்?"

அவள் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. எனக்கு அது அப்போதே தெரியும். படித்த ஒரு வருடத்தில் உருப்படியாக மண்டையில் ஏறிய நாலைந்து விஷயங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வாத்தியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், மெக்கானிக்குகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சால்டர் வைக்கிறது உன் வேலை, கணக்குப் போடறது எங்க வேலை. கம்பெனியில உனக்கு டிசைனும் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றேன். காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். அக்கா முகம் சிவந்து தாளை நாலாக மடித்தாள். அந்த ஒற்றை ரெசிஸ்டரை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் கொடுப்பதை அவள் எண்ணியதும் கிடையாது, சரிபார்த்ததும் கிடையாது.

டார்ச் முடிந்த அன்று என்னையும் கூப்பிட்டாள். கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைப் போட்டு, பொத்தானை அழுத்தினாள். எதிர்ச் சுவரில் இருந்த ஆணி ஓட்டை வரைக்கும் தெரிந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பீரோவுக்குப் பின்னால் அடித்தார், கட்டிலுக்குக் கீழே அடித்தார், தொலைந்துபோனதாக நினைத்த ஒரு செருப்பைக் கண்டுபிடித்தார். அதற்குள் அக்கா பொத்தானை அணைத்துவிட்டாள்.

இங்கே அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேலை இல்லாமல் ஒரு விளக்கு எரிவதை அவர்கள் இருவராலும் தாங்க முடியாது. மாமா தெருமுனைவரை போய்விட்டு, குளியலறை விளக்கை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிற மனிதர். இரண்டு அறை இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள், ஒரு பல்பு போதும் என்று. அவர்கள் வீட்டு பல்புகள் பணி ஓய்வு பெறுகிற வயதிலும் புதிதாகவே இருந்தன. அப்படிப்பட்டவர்கள் ஒரு டார்ச்சை எப்படிச் சோதித்துப் பார்ப்பார்கள்? பளிச், அணை. பளிச், அணை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டும்போது ஒரு பளிச். கான்ட்ராக்டருக்குக் காட்டும்போது இரண்டு பளிச். ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல அதை எரியவிட அவர்களுக்கு மனசு வரவில்லை. வேறு யார் வீட்டிலாவது என்றால் அரைமணி நேரம் விளையாட்டாகவாவது எரியவிட்டிருப்பார்கள், நான் வைத்த வினை வீட்டுக்குள்ளேயே வெளியில் வந்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் சின்னச் சின்ன மாடித் தொட்டிகள். பத்து நிமிட வேலை. மாமா மூலை முடுக்கெல்லாம் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்தார். கான்ட்ராக்டர் மற்ற ஆட்களிடம் அந்த டார்ச்சைக் காட்டி, இவன் பெண்டாட்டி செய்தது என்று சொன்னாராம். அதற்கு அடுத்த வாரம், அதே செயலாளர் இருந்த குடியிருப்பின் நிலத்தடித் தொட்டிக்கு அவரையே அனுப்பினார். பெரிய தொட்டி. தொடர்ந்து ஒரு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும்.

நடந்ததை மாமா சொல்லித்தான் தெரியும். நாற்பது நிமிடம் நன்றாக எரிந்ததாம். பிறகு ஒரு எல்இடி போனது. ஒன்றுதானே என்று விட்டுவிட்டார். போனது தன் பங்கை மற்றதுகளின் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதைத் தாங்காமல் அடுத்தது போனது. கூட்டம் குறையக் குறைய ஆளுக்கு விழுந்த பங்கு கூடிக்கொண்டே போனது. அவர் ஏணியைப் பிடித்து ஏற ஆரம்பித்தபோது மிச்சம் இருந்தவை எல்லாம் கொத்தாக அணைந்தன. ஒரு படியில் கால் வைத்ததாக நினைத்து வெறும் காற்றில் வைத்தார். விழுந்தபோது வலது கையை ஊன்றினார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்க நான் போனபோது, கான்ட்ராக்டர் வந்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் செய்த சாமானை எல்லாம் வேலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும், பொம்பளை செய்த விளக்கை நம்பி யாராவது குழிக்குள் இறங்குவானா என்று கேட்டாராம். அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். நான்தான் செய்தேன், என் மேல்தான் தப்பு என்று சொல்லியிருக்கிறாள்.

டார்ச்சை என் கையில் கொடுத்தாள். பிரிக்கப் போனேன். ஒன்றும் பிரிக்கவே வேண்டாம், மூடி வழியாகவே தெரிந்தது. எல்இடிகளின் வயிற்றில் கருகல். எல்லாவற்றுக்கும் நடுவில் என் வெள்ளைச் செங்கல் சூட்டில் பழுப்பேறி உட்கார்ந்திருந்தது.

"எங்கடா தப்பு பண்ணினேன்?" என்று அக்கா கேட்டாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ரெசிஸ்டர் தப்பு, நான்தான் கொடுத்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். கட்டிலில் மாமா. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய விரல்கள் வீங்கியிருந்தன. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, "டிரை சால்டர் போல இருக்கு அக்கா. சூடு ஏறவும் விட்டிருக்கும்" என்றேன்.

அவள் டார்ச்சைத் திருப்பி வாங்கி, தன் ஒட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைப் பரணில் வைத்துவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நான் அதை வாங்கிக் குடித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். கடையில் வேலை அதிகம் என்று சப்பைக்கட்டு கட்டினேன். மாமாவுக்குக் கட்டு பிரித்தார்கள். ஆனால் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. ஏணியை இறுகப் பிடிக்க முடியாததால் வெளியே ஹோஸ் இழுக்கிற வேலைக்கு மாற்றப்பட்டார். இதெல்லாம் போனில் கேட்டுக்கொண்டேன். ஐயோ பாவம் என்று வேறு சொன்னேன்.

நாலாவது மாதம் அக்காவே சாப்பிடக் கூப்பிட்டாள், போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. அக்கா தட்டை நீட்டியபோது அவள் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். பதினோரு வருடமாக அந்த விரலில் ஏதாவது ஒரு புதிய சூட்டுப் புள்ளி இருக்கும். அன்று ஒன்றுகூட இல்லை. நகத்தோரம் பழுப்பு டேப்பின் பசை அப்பியிருந்தது. என்ன இது என்றேன். பேக்கிங் பிரிவுக்கு மாறிவிட்டாளாம், அட்டைப் பெட்டி ஒட்டுகிறாளாம். அவர்களாக மாற்றவில்லை, இவளாகவே கேட்டு மாறிக்கொண்டிருக்கிறாள்.

"கை மேல நம்பிக்கை போயிடுச்சுடா. ஒவ்வொரு ஒட்டையும் ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். என் முன்னாடி போர்டு மலை மாதிரி சேர்ந்துச்சு. நான் வச்ச ஒட்டு விட்டுப்போய் யார் வீட்டுலயாவது தீப்பிடிச்சா என்ன பண்றது? கட்டின புருஷனுக்கு வச்சதே நிக்கல."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அப்போதும் வாயைத் திறந்தேனா? இல்லை. டார்ச்சைக் கொடு, சரிசெய்து தருகிறேன் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சரிசெய்த டார்ச்சைக் கொடுத்துவிட்டால் பொய்யும் சரியாகிவிடும் என்று நினைத்த அற்பப் புத்தி.

கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்து உட்கார்ந்தேன். கருகிய எல்இடி ஒன்றை இடுக்கியால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். அதன் கால் பாதியில் முறிந்து கையோடு வந்தது. அக்காவின் ஒட்டு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அப்படித்தான். நாற்பத்தெட்டு ஒட்டில் ஒன்றுகூட அசையவில்லை. ஆமை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, யார் வைத்த சால்டர், கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறதே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தேன்.

ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து ஏறினேன். நூற்றைம்பது ஓம் டிராயர் நிரம்பி வழிந்தது. இருபத்து நான்கு எடுத்தேன், கருகியவற்றுக்குப் பதிலாகச் செத்த விளக்குப் பெட்டியிலிருந்து எல்இடிகளும் எடுத்தேன். அவற்றை வைத்து முடிக்க எனக்கு ஐந்து மதியம் ஆயிற்று. கவுண்டரில் வாய் வேலை செய்தே பழகிய கை. ஈயம் சில இடத்தில் உருண்டையாக நின்றது, சில இடத்தில் வழிந்தது. எப்படியோ எரிந்தது. எரியவிட்டுவிட்டேன். மூன்று மணி நேரம் கவுண்டரில் சேர்ந்தாற்போல எரிந்தது. பட்டப்பகலில் டார்ச் எதற்கு, புரொபசருக்கு முத்திப்போய்விட்டதா என்று முதலாளி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துக்கொண்டு போனேன். மாமா இடது கையால் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா டார்ச்சை வாங்கிப் பொத்தானை அழுத்தினாள், எரிந்தது, உடனே அணைத்தாள். மூடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள். புதிதாக வரிசையாக நின்ற ரெசிஸ்டர்களைவிட அவள் கண் முதலில் போனது நான் வைத்த ஈயத்தின் மேல்தான். நகத்தால் ஒன்றைத் தொட்டாள். ஆடியது.

"இது டிரை சால்டர்டா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னுதும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் குத்தலோ சந்தேகமோ எதுவும் இல்லை. என் அரைகுறை வேலையை வைத்துக்கொண்டு, தன் பதினோரு வருடக் கையும் இப்படித்தானா என்று என்னிடமே கேட்டாள். நான் சொன்னால் நம்பியிருப்பாள். அதை நினைத்தபோதுதான் நான் நாலு மாதமாக மறைத்தது வெளியே வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒட்டு ஒன்றுகூட விடவில்லை என்று சொன்னேன். ஒற்றை ரெசிஸ்டர் தப்பு என்று கொடுக்கும்போதே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். டிரை சால்டர் என்றது பச்சைப் பொய் என்று சொன்னேன். அக்கா டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு டிராயர்ல இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிறாள் என்று புரிந்தது. இல்லை என்று சொன்னால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும்.

"இருந்தது. மேல் வரிசையில இருந்தது. ஏணி ஏறணும்."

மாமா பாதி மாட்டிய சட்டையோடு திரும்பினார்.

"எத்தனை படி மச்சான்?"

"நாலு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தகவல் கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி, மீதிச் சட்டைக்குள் வலது கையை மெதுவாக நுழைக்கப் பார்த்தார். மணிக்கட்டு வழக்கமான இடத்தில் மாட்டிக்கொண்டது. அக்கா எழுந்துபோய் இழுத்துவிட்டாள். நான் கூனிக்குறுகி நின்றேன். அந்த அறையில் எனக்கு நிற்க இடம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது.

அக்கா கடைசியாக ஒன்றுதான் கேட்டாள். நான் கடையில் அவளைப் பத்துப் பேர் முன்னால் பேசினேன் அல்லவா, இதையும் பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"நாளைக்கு ஏழரைக்கு எங்க கம்பெனி கேட்டுக்கு வா."

போனேன். ஷிப்டுக்கு வந்த பெண்கள் சாப்பாட்டுப் பையோடு சுற்றி நின்றார்கள். சூப்பர்வைசர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என்ன விஷயம் என்றார். கவுண்டரில் கணீர் என்று பேசுகிற எனக்கு அங்கே குரலே எழும்பவில்லை. சத்தமாகச் சொல்லுங்க என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன். பூதக்கண்ணாடி அம்மா முன்னால் வந்து, இவள் கையில் டிரை சால்டரா, அதைச் சொல்ல உனக்கு வாய் வந்ததா என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சூப்பர்வைசர் அம்மா அக்காவிடம், உன் இடத்தில் வேறு பெண்ணை உட்கார வைத்தாயிற்று, காலியானால் கூப்பிடுகிறேன் என்றார். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு பேக்கிங் கட்டிடத்தின் பக்கம் நடந்தாள்.

மூன்று மாதம் கழித்து இடம் காலியானது. இப்போது அவள் பழைய மேஜையில் இருக்கிறாள். முதல் சில நாள் ஒவ்வொரு ஒட்டையும் ஆட்டிப் பார்த்தாளாம், பிறகு கை தானாகவே வந்துவிட்டதாம். இதையும் மாமாதான் சொன்னார். அவர் என்னோடு பேசுகிறார். முன்னைவிடக் கொஞ்சம் மரியாதையாகவே பேசுகிறார். அதுதான் வலிக்கிறது. மணிக்கட்டு அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வாரம் அக்கா கடைக்கு வந்தாள். மாமாவோடு வேலை செய்கிற இன்னொருவர் தனக்கும் அப்படி ஒரு டார்ச் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கான்ட்ராக்டர்கூட ஒன்றும் சொல்லவில்லையாம். நான் கவுண்டரின் இந்தக் கோடியில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, அந்தக் கோடிக்குப் போய் ஆமையின் முன்னால் தாளை விரித்தாள். அவர் வழக்கம்போல மரியாதைக்காக, எதற்கும் புரொபசரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

"வேண்டாங்க. என்ன வேணும்னு எனக்குத் தெரியும். நூத்தம்பது ஓம், இருபத்தி நாலு."

அவர் ஏணியைத் தேடித் திரும்புவதற்குள் நான் தள்ளிக்கொண்டு போய் ஏறிவிட்டேன். எடுத்தேன். ஏணியின் மேலேயே நின்று எண்ணினேன். இறங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் நன்றி சொன்னாள். பிறகு அவற்றைக் கவுண்டரில் பரப்பி, ஒரு விரலால் ஒவ்வொன்றாக ஓரம் தள்ளி எண்ண ஆரம்பித்தாள். என் எதிரில், ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு அசைய, கடைசிவரை எண்ணினாள்.

இருபத்து நான்கு இருந்தது. கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.